மூன்றாவது எதிரி நீதிபதி ஆகிறார்

போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தால் மனிதன் சட்டையைத் தேடுவான். நான் செருப்பைத் தேடினேன். ஓடுவதற்காக இல்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

வந்தவர் சீருடையில்கூட இல்லை. தனிப்பிரிவுக் காவலர். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். வாசலில் நின்றபடியே, "ஒண்ணுமில்ல சார், பயப்படாதீங்க. பக்கத்துத் தெரு வக்கீலு மாவட்ட ஜட்ஜு பரீட்சைல பாஸாயிட்டாரு. ஆளு எப்படின்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேர விசாரிச்சு எழுதி வாங்கணும். அவ்ளோதான்" என்றார்.

பயப்படாதீங்க என்று போலீஸ் சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே ஆரம்பித்தது.

எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து, இந்த விசாரணை ஒன்றுதான் பாக்கியாம். இது மேலே போய்ச் சேர்ந்தால் வக்கீலுக்கு ஆர்டர் வந்துவிடும். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஏற்கெனவே 'தங்கமான மனிதர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அடுத்தது நான்.

"அவரு மேல கேஸு கீஸு ஏதாவது நிலுவைல இருக்குதா சார்?"

இருந்தது. பதினாலு வருடமாக இருந்தது. அதில் வக்கீல் மூன்றாவது எதிரி. இரண்டாவது எதிரி, காவலர் உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீ சாப்பிடுறீங்களா?" என்றேன்.

டீயைக் குடித்தார். அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. நிரப்பித் தர வேண்டிய பாரத்தை என் கையில் கொடுத்து, "சனிக்கிழம வரேன், எழுதி வைங்க" என்று கிளம்பிவிட்டார். அன்று புதன். பதற எனக்கு முழுசாக இரண்டு நாள் கிடைத்தது. நான் ஐந்து நிமிடத்திலேயே பதறி முடித்துவிடுகிற ஆள். மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக இருக்குமே, பியூஸ் கட்டை, அதை மெஷினில் அழுத்தி எடுக்கும் வேலை. மெஷின் வாய்க்கு ஒரு கம்பி வலை மூடி உண்டு. மூடி இருந்தால் கை உள்ளே போகாது. கை போகாவிட்டால் வேலையும் வேகமாகப் போகாது. ஒருநாள் காலையில் ஸ்பேனரை எடுத்து அந்த மூடியை நானே கழற்றி மூலையில் வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அந்த மெஷினில் வேலை பார்த்த அம்மாவின் வலது கையில் இரண்டு விரல் போயின.

அந்தம்மா வழக்குப் போட்டார். கம்பெனிக்காக வந்தவர்தான் இந்த வக்கீல். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். புதுக் கோட்டு, அதில் மடிப்புக்கூடக் கலையவில்லை. சாட்சி சொல்ல என்னை மூன்று சாயங்காலம் தயார் செய்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணே. நீங்களா எதையும் சேக்காதீங்க. முக்கியமா, ஜோக்கடிக்காதீங்க" என்றார். ஷிப்டு நேரம் கேட்டார், மெஷின் வாங்கிய வருடம் கேட்டார், என் படிப்பைக் கேட்டார். ஒரே ஒன்றை மட்டும் கேட்கவில்லை: மூடியைக் கழற்றியது யார்? அந்தப் பேச்சு வரும்போதெல்லாம், "அந்தம்மா கழட்டியிருப்பாங்க, இல்லீங்களா?" என்று பதிலையே கேள்வியாக்கி நீட்டினார். நான் தலையாட்டினேன். கோர்ட்டில் அதே தலையாட்டலுக்குக் குரல் கொடுத்தேன்.

என்னிடம் கேட்காததைக் கூண்டில் அந்தம்மாவிடம் மூன்று முறை கேட்டார். "நீங்கதான கழட்டினீங்க?" அந்தம்மா மூன்று முறையும் "இல்லீங்க" என்றார். வழக்கு தோற்றது.

வெளியே வராந்தாவில் அந்தம்மா வக்கீலை மறித்தார். விரல் போன கையால் என்னைக் காட்டி, "என்ன மூணு வாட்டி கேட்டீங்களே சார், இவர ஒரு வாட்டி கேட்டிருக்கலாமில்ல?" என்றார். வக்கீல் முகம் சிவந்துவிட்டது. நல்ல மனுஷன்தான், அதுதான் பிரச்சினையே. "அம்மா, கீழ நிக்கிறவன் ஒரு பக்கத்துக்குத்தான் கேக்க முடியும். என்னிக்காவது நான் மேல உக்காந்தா ரெண்டு பக்கத்தையும் கேப்பேன்" என்றார். "எழுதி வெச்சிக்கிறேன் சார்" என்றார் அந்தம்மா.

எழுதித்தான் வைத்தார். எங்கே என்பதில்தான் விஷயம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் என்கிற முருகன் கோயிலில் பிராது கட்டுவார்கள். கோர்ட்டில் தருகிற மாதிரியே மனு எழுத வேண்டும். யார், எந்த ஊர், யார் மேல் என்ன குறை, எல்லாம் இருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டரோ அதற்கேற்பக் கட்டணம். மனுவை முனியப்பர் முன்னால் கட்டிவிட்டால் அப்புறம் சாமி பார்த்துக்கொள்ளும். மூன்று நாள், மூன்று வாரம், தவறினால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பார்கள். அந்தம்மா கட்டிவிட்டு நேரே கம்பெனி கேட்டுக்கு வந்து எனக்குத் தகவலும் சொன்னார். "மொத எதிரி கம்பெனி. ரெண்டாவது நீங்க. மூணாவது வக்கீலு. சொல்லாம கட்டுனேன்னு இருக்கக் கூடாதில்ல."

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன். முருகனுக்கு என் மேல் அதிகார வரம்பு கிடையாது என்று வாதாடிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஸ்கூட்டர் பஞ்சரானது. மூன்றாம் வாரம் வயிற்றுப்போக்கு. சம்மன் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதமும் முடிந்து, உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, வழக்குத் தள்ளுபடி என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் "பொய்கள் சொன்னேன் சாமி" என்று பன்மையில் சொல்லிவிட்டேன். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் கிடைத்தது. இந்தப் பொய்யும் அந்தக் கூட்டத்தோடு ஓரமாக வெளியே போய்விட்டது.

ஆக, வியாழக்கிழமை காலை அந்தப் பாரத்தில் 'நிலுவையில் உள்ள வழக்குகள்' என்ற வரியைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது இந்தப் பின்னணியில்தான். காவல் நிலையக் கணக்கில் அந்த இடம் காலி. மணவாளநல்லூர்க் கணக்கில்?

டீக்கடை பாயிடம் போனேன். மங்கலம்பேட்டைக்காரர், பாதி உலகம் பார்த்தவர், துபாயில் எட்டு வருடம் டிரைவராக இருந்தவர். எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒரு வக்கீல் என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன்.

"வக்கீலா இருக்கும்போது யாருக்குப் பேசுனாருன்னு பாத்தா நாட்டுல ஒரு ஜட்ஜு தேற மாட்டாரு" என்றார் பாய். "வாடகைக் காரு சாராயக்கடைக்குப் போச்சுன்னா டிரைவர் குடிகாரனா?"

எனக்கு உயிர் வந்தது.

"ஆனா அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்தாரு பாரு, அதுதான் எனக்கு இடிக்குது" என்றார் தொடர்ந்து. "ஜட்ஜு ஆகறதுக்கு முன்னாடியே ஒருத்தருக்கு வாக்குக் குடுத்தவரு, நாளைக்கு நடுவுல எப்புடி நிப்பாரு?"

"ரெண்டு பக்கத்தையும் கேப்பேன்னுதான பாய் சொன்னாரு. அது ஒரு பக்கம் சாயறதா?"

பாய் பாலை ஆற்றியபடி யோசித்தார். "அப்ப அது வாக்கு இல்ல. வேலையே அதுதான். வேலையச் செய்வேன்னு ஒருத்தர் வாக்குக் குடுக்கிறாருன்னா, அது வரைக்கும் செய்யலன்னு அவருக்கே தெரியுது." கிளாஸை நீட்டினார். "உனக்குத் தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவரு, அந்த சூப்பரைசரு, இப்ப எப்படி இருக்காரு? தூங்குறாரா?"

வந்த உயிர் திரும்பப் போனது.

அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். நான் செய்த காரியத்தை இப்போது எழுதக் கை கூசுகிறது. பிராதை வாபஸ் வாங்கப் போனேன். அதற்கும் முறை உண்டு. குறை தீர்ந்தால் மறுபடி மனு எழுதிப் பிராதை ராஜினாமா செய்துகொள்ள வேண்டும், வாபஸுக்கு அங்கே அதுதான் பேர். அலுவலகத்தில் இருந்தவர் பேனாவை எடுத்து, "என்னிக்குக் கட்டுனீங்க?" என்றார்.

"பதினாலு வருசம் ஆச்சுங்க. கட்டுனது நான் இல்ல."

"பின்ன யாரு?"

"என் மேல கட்டுனாங்க."

பேனாவை மூடினார். பக்கத்தில் வரிசையில் நின்ற இரண்டு பேர் என்னைப் புதிய மரியாதையுடன் பார்த்தார்கள். "எதிரி வந்து கேஸ வாபஸ் வாங்க முடியுமாங்க? எந்தக் கோர்ட்டுல நடக்கும் அது? கட்டுனவங்கள அழைச்சிட்டு வாங்க" என்றார்.

"அவங்க வர மாட்டாங்கன்னா?"

"அப்ப குறை தீரலன்னு அர்த்தம்."

அன்று சாயங்காலம் வக்கீல் என் வீட்டுக்கு வந்தார். முன்பக்கம் நரைத்திருந்தது. கையில் எதுவும் கொண்டுவரவில்லை, அது எனக்குப் பிடித்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "உங்களையும் விசாரிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். என்னால உங்களுக்குத் தொந்தரவு" என்றார். "இருக்கிறத எழுதுங்கண்ணே."

"இருக்கிறதுன்னா எதச் சொல்றீங்க சார்?"

"உங்களுக்குத் தெரிஞ்சத."

எனக்குத் தெரிந்தது என்ன என்று அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, மழை வருமா என்று கேட்டார். வராது என்றேன். போய்விட்டார். மனுஷன் மாறவில்லையோ என்று அப்போதுதான் முதல் தடவையாக எனக்குச் சந்தேகம் வந்தது. அதுவரை என் கவலையெல்லாம் என்னைப் பற்றித்தான். இவர் போய் உட்காரப் போகிற கோர்ட்டில், விரல் போன இன்னொரு அம்மா கூண்டில் நிற்பார், எதிரில் என்னைப் போல் ஒருவன் தலையாட்டுவான். அப்போது இவர் மழை வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தால்?

வெள்ளிக்கிழமை அந்தம்மாவின் ஊரான கருவேப்பிலங்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். அந்தம்மா தெருக்கோடியில் இரண்டு மாடு வைத்திருக்கிறார் என்று சொன்னார்கள். போனபோது பால் கறந்துகொண்டிருந்தார். இடது கைதான் வேலை செய்தது. வலது கை மாட்டின் தொடையைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துவிட்டும் கையை நிறுத்தவில்லை.

"வாங்க ரெண்டாவது எதிரி. தொப்ப போட்டுட்டீங்க."

சொல்ல ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. வக்கீல் ஜட்ஜாகப் போவதைச் சொன்னேன். பாரத்தைச் சொன்னேன். கோயிலுக்குப் போனதைச் சொன்னதும் அந்தம்மா சிரித்த சிரிப்பில் மாடு காலை மாற்றி வைத்தது.

"வாபஸ் வாங்கப் போனீங்களா? நீங்களா? சாமி அவ்வளவு ஏமாளியா?"

"அவரு ஜட்ஜு ஆவக் கூடாதுன்னு நெனக்கிறீங்களாம்மா?"

கறப்பதை நிறுத்திவிட்டுப் பாத்திரத்தை மாட்டின் காலுக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார். "ஆவக் கூடாதுன்னு நான் எதுக்குச் சொல்லணும்? அவரு ஆவலன்னா வேற ஒருத்தர் வருவாரு. அவராவது கேப்பேன்னு சொன்னாரு, வரவரு அதுகூடச் சொல்லியிருக்க மாட்டாரு."

"அப்ப வாபஸ் வாங்கிடலாமே."

"வாங்க மாட்டேன். வாங்குனா அவரு சொன்னத மறந்துடுவாரு. கட்டுனது கட்டுனபடி இருக்கட்டும். அவரு மேல உக்காந்து எத்தினி பேருக்குத் தீர்ப்பு எழுதுனாலும், கீழ ஒரு எடத்துல தன் பேருல ஒரு கேஸு கெடக்குதுன்னு இருக்கட்டும்."

"என் பேரு?"

"உங்களுக்கு வேற." எழுந்து பால் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார். "அவரு கேக்காம வுட்டாரு. நீங்க தெரிஞ்சே பொய் சொன்னீங்க. அத நீங்கதான் சொல்லணும்."

"சொல்லத்தானம்மா வந்தேன். நான்தான் கழட்டுனேன்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? கேக்குறவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

திரும்பும் பஸ்ஸில், பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை என்று போனில் தேடினேன். ஏழு வருடம் வரைக்கும் என்று இருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு. வெளியே வரும்போது அறுபதுக்கு ஒன்று குறையும், பூசையில் நிற்காமல் உட்கார்ந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து சீட்டில் இருந்தவர், "என்னங்க, தானா சிரிக்கிறீங்க?" என்றார். சிரிக்கவில்லை. என் முகம் பயந்தால் அப்படித்தான் இருக்கும். இந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் ஊரில் தமாஷான ஆள் என்று பேர் வாங்கினேன்.

சனிக்கிழமை காவலர் வருவதற்குள் எழுதிவிட்டேன். 'இவர் மீது காவல் நிலைய வழக்கு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஒழுக்கமானவர். பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு விபத்து வழக்கில் இவர் தரப்புக்காக நான் பொய்ச் சாட்சி சொன்னேன். மூடியைக் கழற்றியது நான். அது யார் என்று இவர் என்னைக் கேட்கவில்லை. நீதிபதியானால் இரு பக்கமும் கேட்பதாக அந்த அம்மாளிடம் சொன்னார். அதை நானும் கேட்டேன்.'

காவலர் இரண்டு முறை படித்தார். "தெருவுல சொன்னாங்க சார், நீங்க காமெடியான ஆளுன்னு."

"இது காமெடி இல்ல."

"அவருக்காக விசாரிக்க வந்தா நீங்க உங்க தலையக் குடுக்கறீங்க. கேக்காம இருந்தது ஒரு குத்தமா சார்? அதுக்குப் பாரத்துல எடமே இல்ல பாருங்க."

"அதான் ஓரத்துல எழுதியிருக்கேன்."

அவர் கெட்டவர் இல்லை. சனிக்கிழமையில் வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். ஃபைலிலிருந்து இன்னொரு வெற்றுப் பாரத்தை எடுத்து டீப்பாய் மேல் வைத்தார். "நல்லவருன்னு ஒரு வரி போதும். ஒரு மனுசன் பதினஞ்சு இருவது வருசமா ஓடி ஓடிப் படிச்சு வந்திருக்காரு. உங்க ஒரு வரில நின்னுடும் சார்."

என் கை அந்தப் பாரத்தை எடுத்தது. பேனா மூடியையும் திறந்தது. என் கைக்கு என்னைவிட உலக அனுபவம் அதிகம். 'தங்க' என்று எழுதிவிட்டேன். தங்கமான மனிதர் என்று முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இவர்தான் கேட்கிறவர். பதினாலு வருடத்தில் என் வீட்டுக்குக் கேட்க வந்த ஒரே ஆள். இவரும் எழுந்து போனால் இனி யார் வந்து கேட்கப் போகிறார்கள்? பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "மொத எழுதுனதையே எடுத்துட்டுப் போங்க" என்றேன். குரல் கோழி மாதிரி வந்தது.

அதன் பிறகு வந்த வாரங்கள் நன்றாக இல்லை. கூடத் தேறியவர்களுக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இவருக்கு வரவில்லை. காலையில் கோர்ட்டுக்குப் போகும்போது என் வாசலைப் பார்க்காமலே போனார். இப்போது வேலை பார்க்கும் வேறொரு பீங்கான் கம்பெனியில் நான் கழிப்பறைக் கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருப்பேன். ஊருக்கெல்லாம் உட்கார இடம் அனுப்புகிறவன், ஒரு மனுஷன் போய் உட்கார வேண்டிய இடத்தைத் தட்டிவிட்டேனே என்று இருக்கும். உடனே, உட்கார்ந்து அவர் என்ன செய்திருப்பார் என்றும் இருக்கும். இரண்டு நினைப்புக்கும் நடுவில் நிற்க எனக்குத் தெரியவில்லை. பாய் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, டீயில் மட்டும் சர்க்கரை கூடியிருந்தது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது கேட் சத்தம். வக்கீல். கையில் ஒரு கடிதம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"விளக்கம் கேட்டு மேலேர்ந்து வந்திருக்குது. நீங்க எழுதினது பத்தித்தான்."

"தப்பா எழுதிட்டேனா சார்?"

"சட்டப்படி எனக்கு ஒண்ணும் ஆவாது. என் கட்சிக்காரர் சொன்னத நான் சொன்னேன், உண்மை எனக்குத் தெரியாதுன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிடும்." கடிதத்தை மடித்தார், பிரித்தார். "அந்த வரிய எழுத ஒக்காந்தேன். தெரியாதுன்னு எழுதணும்னா, தெரிஞ்சிக்கப் பாத்தேனான்னு ஒரு கேள்வி வருது. அதுல நின்னுட்டேன்."

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கோர்ட்டில் பேசும் குரலில் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"அண்ணே. மூடிய யாரு கழட்டுனது?"

பாரத்தில் எழுதியாகிவிட்டது, அதை அவர் படித்தும் ஆகிவிட்டது. ஆனாலும் கழற்றின சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

"நான்தான் சார்."

"சரி" என்றார். "அவங்க வூடு எங்க இருக்குது?"

கருவேப்பிலங்குறிச்சியில் எங்கே இறங்க வேண்டும், மாட்டுக்கொட்டகை எந்தப் பக்கம் என்று சொன்னேன். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். விளக்கத்தில் என்ன எழுதினார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆர்டர் இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். வர வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் நான் அன்று அந்த ஓரத்தில் எழுதாமல் இருந்திருந்தால் வந்திருக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். இது நியாயமா என்று தெரியாது. தெரிந்தால் நானே பரீட்சை எழுதியிருப்பேன்.

வக்கீல் கிளம்பிப் போன அந்த ஞாயிறு மத்தியானமே அந்தம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வக்கீலு வந்தாரு" என்றார். "இப்பதான் போறாரு. மூணு வாட்டி கேட்டத ஒரு வாட்டி கேட்டாரு. நீங்க கழட்டினீங்களான்னு இல்ல. என்னா நடந்துச்சுன்னு."

"வாபஸ் வாங்குவீங்களாம்மா?"

"ஆர்டர் வரட்டும். மேல ஒக்காந்து என்னா பண்றாருன்னு பாக்கணுமில்ல."

"என் பேரு?"

"அது ஒரே மனுவுல இருக்குது. ஒருத்தர மட்டும் பிரிச்சு எடுக்க முடியாதாம், கேட்டுப் பாத்தேன்." பின்னால் மாடு கத்தியது. "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வைக்கட்டுமா?"

வைத்துவிட்டார். கேட்டுப் பார்த்திருக்கிறார். எனக்காக அந்தக் கோயில் அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வாசலுக்குப் போய், பிராது கட்டிய மூன்றாம் நாள் பஞ்சரான அதே ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். காற்று இருந்தது.